உஷார்! குழந்தைக்குத் தயாராகிறீர்களா? முகத்தில் தடவுவதை முதலில் பாருங்கள்!

கல்யாணம் ஆகிவிட்டது. "சரி, இனி குழந்தைக்குப் பார்க்கலாம்" என்று நீங்களும் அவரும் முடிவு செய்திருக்கிறீர்கள். நல்லது. மனசார வாழ்த்துகிறேன்.

ஆனால் ஒரு நிமிஷம் நில்லுங்கள் அம்மா. ராத்திரி படுக்கும் முன் முகத்தில் என்ன தடவுகிறீர்கள்? பருவுக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? முடி கொட்டுகிறது, முகம் பளபளக்கணும் என்று வாங்கிய சத்து மாத்திரை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

தெரியாதா? அப்படியென்றால் கட்டாயம் படியுங்கள்.

"நாள் தள்ளிப்போனதும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அதற்குள் காலம் கடந்துவிடும்!

ஒரு பெண்ணுக்கு நடந்தது

எனக்குத் தெரிந்த பெண். பெயர், ஊர் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் தாடை முழுக்கப் பெரிய பெரிய பரு. தோல் டாக்டர் ஒரு கேப்சூல் எழுதிக்கொடுத்தார். "இதைச் சாப்பிடும் வரைக்கும் கர்ப்பம் கூடவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தார். பரு அடங்கியது. கல்யாணமும் நடந்தது.

சில மாதம் கழித்து மறுபடியும் பரு. இந்த முறை டாக்டரிடம் போகவில்லை. பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினாள். கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு, பார்லரில் சிவப்பழகு க்ரீம் ஒன்றும் வாங்கினாள். சின்ன வெள்ளை டப்பா. லேபிள் கிடையாது. பெரிய ஜாடியிலிருந்து வழித்துப் போட்டுக் கொடுத்தது.

நாள் தள்ளிப்போனது. வீடே சந்தோஷத்தில் மிதந்தது. ஏழாவது வாரம் மகப்பேறு டாக்டரிடம் போனார்கள்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

பரு மாத்திரையை அவள் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கூட வந்த மாமியார்தான், "முகத்துக்கு ஏதோ போடுறாளே டாக்டர்" என்றார். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் கட்டம் கட்டிய எச்சரிக்கை. கர்ப்பிணியின் படம், அதன் மேல் குறுக்குக் கோடு. தினமும் அந்த அட்டையைப் பிதுக்கித்தான் மாத்திரையை எடுத்திருக்கிறாள். ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஒன்பதாவது வாரம் கரு கலைந்தது. மாத்திரையால்தான் கலைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் அந்த மாத்திரை கருச்சிதைவு ஆபத்தைக் கூட்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. இந்த வேதனை இன்னொரு வீட்டுக்கு வரவே கூடாது.

ஏன் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்?

கரு உருவாகி 28 நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், நாலு நாள் பொறுத்துப் பார்த்து, வீட்டில் டெஸ்ட் செய்து, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்குள் அந்த வேலை முடிந்தே போயிருக்கும். இதயம், முகம், காது எல்லாம் முதல் சில வாரங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அவசியம் செய்யுங்கள். ஆனால் பதிவு செய்யப் போகும்போதுதான் மருந்தைப் பற்றி யோசிப்பேன் என்றால், பிள்ளையின் முக்கிய உறுப்புகள் அதற்கு முன்பே உருவாகியிருக்கும்.

கவனம்! இவை உங்கள் வீட்டில் இருக்கிறதா?

1. பரு கேப்சூல்: ஐசோட்ரெட்டினாயின். மிக மிக ஆபத்தானது இதுதான். கர்ப்பத்தில் இது உடம்பில் இருந்தால் குழந்தையின் மூளை, இதயம், முகம், காது பாதிக்கப்படலாம். நூறு குழந்தைகளில் 20 முதல் 35 பேருக்குப் பெரிய குறைபாடு வரக்கூடும் என்கிறது மருத்துவம். கடைசி மாத்திரை போட்டபின் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்க முயல வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வாங்கவே வாங்காதீர்கள்.

2. சொரியாசிஸ் மருந்துகள். அசிட்ரெட்டினை நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் கர்ப்பம் கூடாது. ஆமாம், மூன்று வருஷம்! மெத்தோட்ரெக்ஸேட்டையும் பல மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கல்யாணம் நிச்சயமாகும்போதே தோல் டாக்டரிடம் பேசுங்கள்.

3. நைட் க்ரீம், பரு க்ரீம். லேபிளில் டிரெட்டினாயின், அடாபலீன், ரெட்டினால் என்று இருக்கிறதா? இவையும் வைட்டமின் ஏ குடும்பம்தான். தோல் வழியாக உள்ளே போவது கொஞ்சம்தான். இருந்தாலும் குழந்தைக்கு முயலும் காலத்தில் வேண்டாம் என்பதே டாக்டர்களின் அறிவுரை.

4. மங்குக்குப் போடும் மூன்று மருந்துக் கலவை. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் ஒரே ட்யூபில். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வருஷக்கணக்கில் தடவுபவர்கள் எத்தனை பேர்! ஹைட்ரோகுவினோன் தோல் வழியாகக் கணிசமாக ரத்தத்தில் கலக்கும். ஸ்டீராய்டு தோலையே மெலிய வைத்துவிடும். சீட்டு இல்லாமல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இன்னமும் கேட்டால் கிடைக்கிறது. அதுதான் பயம்!

5. லேபிள் இல்லாத சிவப்பழகு க்ரீம். இதில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் சிவப்பழகு க்ரீம் தடவி வந்தது தெரியவந்தது. 2023-ல் இது பெரிய செய்தியானது. நீங்கள் தடவினால் துண்டு, தலையணை உறை வழியாக வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைக்கும் போகும்.

6. ஈரல், மீன் ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ மாத்திரை. "ரத்தம் ஊறும், ஈரல் சாப்பிடு" என்று பாட்டி சொல்வார். அன்புதான். ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் நேரடி வைட்டமின் ஏ போனால் கருவுக்கு ஆபத்து. கேரட், மாம்பழம், முருங்கைக்கீரையில் இருப்பது வேறு வடிவம். உடம்பு தேவைக்குத்தான் அதை மாற்றிக்கொள்ளும். தாராளமாகச் சாப்பிடுங்கள். ரத்தத்துக்கு ஆட்டில்தான் வேண்டும் என்றால் ஈரலுக்குப் பதில் சுவரொட்டி (மண்ணீரல்). நன்றாக வேகவைத்து, அளவாக.

7. முடி, தோல், நக மாத்திரைகள். இவற்றில் பயோட்டின் அதிக அளவில் இருக்கும். அது தைராய்டு ரத்தப் பரிசோதனையையே தப்பாகக் காட்டிவிடலாம்! தைராய்டு கோளாறு இருந்தும் "நார்மல்" என்று வந்தால் என்ன ஆகும்? பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பரிசோதனைக் கூடத்திலும் சொல்லுங்கள்.

8. கலர் கூட்டும் குளுட்டாதயோன் ஊசி, ரசீது இல்லாத லேகியம், பஸ்பம். என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

வீட்டுக்காரர் வழுக்கைக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை போடுகிறாரா? உடைந்த, பொடியான மாத்திரையை நீங்கள் கையால் தொடக்கூடாது.

விஷக் க்ரீமை அடையாளம் காண்பது எப்படி?

ஒரே வாரத்தில் சிவப்பாக்கும் என்கிறார்களா? சந்தேகப்படுங்கள்.

"தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறதா? பாதரசம் இருக்கலாம். தங்கத்தையே கெடுப்பது உங்கள் தோலை விட்டுவைக்குமா?

லேபிளில் மெர்குரி, கேலோமெல் என்ற சொற்கள் இருக்கின்றனவா? உடனே நிறுத்துங்கள்.

தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லையா? வேண்டாம்.

நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறதா? வெயில் பட்டால் தகிக்கிறதா? கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிகிறதா? ஸ்டீராய்டு க்ரீமாக இருக்கலாம்.

சிறுநீர் நுரைத்துப் போகிறதா? காலும் முகமும் வீங்குகிறதா? அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தடவிய டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தோல் காட்டுவதை க்ரீம் போட்டு மறைக்காதீர்கள்!

கழுத்தைச் சுற்றிக் கருப்பு. "அழுக்கு, நல்லா தேய்ச்சுக் குளி" என்பார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். சர்க்கரையைப் பாருங்கள். கட்டுப்படாத சர்க்கரையோடு கர்ப்பமானால் குழந்தையின் இதயத்துக்கும் தண்டுவடத்துக்கும் ஆபத்து.

தாடையில் பரு, உதட்டுக்கு மேல் முடி, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறதா? பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். தோல் வறட்சி, முடி உதிர்தல், எந்நேரமும் அசதியா? தைராய்டு பாருங்கள். கண் உள்ளிமை வெளுத்து, வாயோரம் வெடித்திருக்கிறதா? ரத்தசோகை பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பம் இல்லாதபோது ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யணும்?

முதல் வேலை, ஃபோலிக் ஆசிட். தினம் 400 மைக்ரோகிராம். கருத்தரிக்க முயலும் முன்பு, குறைந்தது ஒரு மாதம். மூன்று மாதம் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. கர்ப்பமான பிறகு 12 வாரம் வரை தொடரணும். 1991-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஏற்கெனவே நரம்புக் குழாய்க் குறையுள்ள கர்ப்பம் ஏற்பட்ட தாய்மார்களுக்கு அதிக அளவு ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது, அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அப்படி முன்பு நடந்தவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அதிக அளவு வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கீரையும் பயறும் மட்டும் போதும் என்று இருக்காதீர்கள். அதுவும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். விலை மிகக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, கம்பு, முருங்கைக்கீரை இருக்கட்டும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. அப்போதுதான் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம்! ஒரு மணி நேரமாவது போகட்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ருபெல்லா தடுப்பூசி போடவில்லையா? இப்போதே போட்டு ஒரு மாதம் பொறுங்கள். கர்ப்பத்தில் போட முடியாது.

முகத்துக்கு என்ன போடுவது? பயத்தம்மாவு, தேங்காய் எண்ணெய் பொருந்தினால் போதும். எண்ணெய்ப் பசை முகத்துக்கு எண்ணெய் வேண்டாம். வெயிலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீன். பருவும் மங்கும் தொல்லை செய்தால் டாக்டரைக் கேளுங்கள். அசிலாயிக் ஆசிட் போன்ற பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன.

மூன்று விஷயம் மறக்காதீர்கள்

தைராய்டு, வலிப்பு, சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது! நிறுத்துவதுதான் ஆபத்து. மாற்ற வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும்.

ஸ்டீராய்டு க்ரீமைப் பல மாதம் தடவியிருந்தால் தோல் டாக்டர் சொல்படி நிறுத்துங்கள். திடீரென்று விட்டால் முகம் கொதித்துவிடும்.

மேலே பட்டியலிட்டவற்றில் ஒன்றை எடுத்தபடியே கர்ப்பமாகிவிட்டீர்களா? பதறாதீர்கள். பரு கேப்சூல் என்றால் அந்த நிமிஷமே நிறுத்தி, அன்றைக்கே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். பயந்துபோய் மெடிக்கல் ஷாப்பில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். உயிருக்கே ஆபத்து! ஒரு முறை க்ரீம் தடவியதாலேயே குழந்தை கெட்டுவிட்டது என்று நீங்களாக முடிவுக்கு வராதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களே, புதுப் பெண்ணைப் பார்த்து "ஏதாவது விசேஷமா?" என்று கேட்கும் முன், "டாக்டரைப் பார்த்துட்டியாம்மா?" என்று கேளுங்கள். கலர் கம்மி என்று அவள் மனசைக் குத்தாதீர்கள். லேபிள் இல்லாத டப்பாவைத் தேடி அவளைப் போக வைப்பது அந்தப் பேச்சுதான்.

பெண்களே, இந்த வாரமே ஒரு பை எடுங்கள். முகத்துக்குத் தடவுவது, தலைக்குப் போடுவது, வாயில் போடுவது, ஊசியாகப் போட்டுக்கொண்டதன் பில் உட்பட எல்லாவற்றையும் அதில் போடுங்கள். டாக்டர் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். எதை விடணும், எத்தனை மாதம் பொறுக்கணும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஃபோலிக் ஆசிட்டைத் தொடங்குங்கள். அதற்கு அப்புறம் குழந்தைக்குப் பாருங்கள்.