ஊர் பெயர் ஆஸ்பத்திரி... மருந்து மைதானத்தில்!

ஒரு ஊருக்கு 'ஆஸ்பத்திரி' என்றே பெயர் இருந்தால் எப்படி இருக்கும்? அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. பெயர் 'அன் ஸ்பிடேல்'. ஆஸ்பத்திரியைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லான 'ஒஸ்பிடேல்'தான் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. கால்வே நகரத்திலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். ஐரிஷ் மொழி இன்னும் பேசப்படுகிற ஊர்.

முதலில் அங்குள்ள சீதோஷ்ணத்தைப் பாருங்கள். அட்லாண்டிக் காற்று, அடிக்கடி தூறல், எங்கும் ஈரம். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சித்த மருத்துவக் கணக்குப்படி ஐயமும் வாதமும் ஓங்குவதற்கு வேறென்ன வேண்டும்? இருமலுக்கு அங்கே கைவைத்தியம், கடலோரப் பாறைகளில் வளரும் 'கராகீன்' பாசி. காயவைத்து, பாலிலோ தண்ணீரிலோ கொதிக்கவிட்டு, குழகுழவென்று ஆனதும் வடிகட்டிக் குடிப்பார்கள். தொண்டைக்கு இதம்.

சரி, உடம்பு முடங்காமல் இருக்க? அதற்குத்தான் 'கேலிக்' கால்பந்து. கேலி இல்லை, பெயரே அதுதான்! அணிக்கு 15 பேர். பந்தை உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். ஆனால் நாலு எட்டுக்கு மேல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் ஒரு தட்டு, அல்லது பாதத்தால் தட்டித் திரும்பக் கைக்கு. கால், தோள், கண், மூச்சு எல்லாவற்றுக்கும் வேலை!

இதை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884-ல் பிறந்தது. 82,000 பேர் கூடும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஆடுகிறவருக்குக்கூட சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்தால் அவரவர் வேலைக்குப் போக வேண்டியதுதான். தாய்மார்களுக்கென்று 2008-ல் தனியாக ஒரு திட்டமும் வந்தது. ஜெயிக்க வேண்டும் என்ற கவலை இல்லாமல் சும்மா ஓடியாடலாம்.

நகரம் பக்கத்தில் இருப்பது வசதிதான். ஆனால் அதுவே ஆபத்தும்கூட! வேலை, படிப்பு, கடை என்று எதற்கெடுத்தாலும் கால்வே. வீடு திரும்பும்போது நாக்கில் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டு வரும். ஐரிஷ் மொழிப் பகுதிகள் என்று அரசு வகுத்த இடங்களில் 2022 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் சுமார் 1,06,000 பேர். அவர்களில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசியவர்கள் 20,000 பேர் சொச்சம்தான்.

வகுப்பில் படித்த மொழி பரீட்சையோடு நின்றுவிடலாம். "இங்கே போடு! ஓடு, ஓடு!" என்று மூச்சிரைக்கக் கத்துகிற மொழி லேசில் மறக்குமா? ஐரிஷ் பேசும் ஊர்களின் அணிகளுக்கென்றே 1969-ல் ஒரு கால்பந்துப் போட்டியைத் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. மூட்டுவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று என்னிடம் வருகிறவர்களை நடக்கச் சொன்னால், பத்து நாள் நடப்பார்கள். பதினோராம் நாள் மழை, பன்னிரண்டாம் நாள் அசதி... அவ்வளவுதான்! நாலு பேர் நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் தூறலிலும் கால் தானாகக் கிளம்பும்.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மற்றவர்கள் இன்று மாலையே, பிள்ளை விளையாடக் கிளம்பும்போது நீங்களும் கூடவே கிளம்புங்களேன்!