சன்சார்பூரின் ஹாக்கி வீரர்கள்

பஞ்சாபில் ஜலந்தர் நகரத்தின் ஓரத்தில், அங்குள்ள ராணுவக் கன்டோன்மென்டை ஒட்டினாற்போல் சன்சார்பூர் என்னும் கிராமம் இருக்கிறது. குருத்வாராவும் வயல்களும் நெருக்கமான வீடுகளுமாகப் பஞ்சாபின் மற்றக் கிராமங்களைப் போலவே தோற்றமளிக்கும் இச்சிற்றூர், குல்லார் என்னும் ஒரே குலப்பெயரைத் தாங்கிய பதினான்கு பேரை ஒலிம்பிக் ஹாக்கி மைதானங்களுக்கு அனுப்பியிருக்கிறது. இவர்களில் ஒன்பது பேர் இந்தியாவுக்காகவும், நால்வர் கென்யாவுக்காகவும், ஒருவர் கனடாவுக்காகவும் ஆடியவர்கள். கோடிக்கணக்கான ஜனத்தொகை கொண்ட தேசங்களுக்கே எளிதில் கைகூடாத இந்தப் பாக்கியம் ஒரு கிராமத்துக்கு எவ்வாறு வாய்த்தது என்பது சிரத்தையுடன் ஆராயத்தக்க விஷயம்.

இதற்கு அந்த மண்ணின் விசேஷத்தையும் குலத்தின் ரத்தத்தையும் காரணமாகச் சொல்லித் திருப்தியடைபவர்கள் உண்டு. எனக்கு அது போதிய சமாதானமாகப் படவில்லை. காரணம் கண்ணுக்கெதிரே கிடந்தது. அது ஒரு மைதானம். ஆங்கிலேயர் ஆட்சியில் கன்டோன்மென்டில் தங்கியிருந்த பட்டாளத்தார் மாலை வேளைகளில் ஹாக்கி ஆடுவார்கள். கிராமத்து வீடுகளின் வாசலுக்கு எதிரே என்று சொல்லத்தக்க தூரத்தில் நடந்த அந்த ஆட்டத்தை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள், பார்த்ததைத் தாமும் செய்து பார்க்கத் தலைப்பட்டார்கள். சமதரையாகப் பராமரிக்கப்பட்ட புல்வெளியும், நாள் தவறாமல் கண்ணில் படும் தேர்ந்த ஆட்டமும் செலவில்லாமல் வாய்த்த ஊரில், தகப்பன் ஆடியதை மகனும், அண்ணன் ஆடியதைத் தம்பியும் கைக்கொண்டு, இரண்டு தலைமுறைக்குள் ஹாக்கி அவ்வூரின் குலவித்தையாயிற்று.

அந்த வரிசையில் முதலாவதாக ஒலிம்பிக் கண்டவர் குர்மீத் சிங். 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில், தியான் சந்த், ரூப் சிங் ஆகிய சகோதரர்களோடு முன்வரிசையில் ஆடியவர் அவர். அமெரிக்காவை 24-1 என்ற கணக்கில் அந்த அணி தோற்கடித்தது இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. பின்னாளில் ராணுவத்தில் கர்னலாக விளங்கிய குர்மீத் சிங், தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றது பதக்கத்தைவிடப் பெரிது. கடல் கடந்த தேசம் ஒன்றில், உலகம் பார்க்க ஆடுவது நம் தெருவைச் சேர்ந்தவனுக்கும் சாத்தியமே என்ற தைரியம் அது.

அந்தத் தைரியத்தைப் பரிபூரணமாகப் பலிக்கச் செய்தவர் ஊதம் சிங். 1928இல் சன்சார்பூரில் பிறந்த இவர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்கே போயிருக்க வேண்டியவர். விரலில் ஏற்பட்ட காயம் குறுக்கிட்டது. சுதந்திர இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்ற அந்த அணியில் இடம் தவறியது, இருபது வயது இளைஞன் ஒருவனுடைய மனத்தை முறித்துவிடக்கூடிய ஏமாற்றந்தான். ஆனால் அவர் பொறுத்திருந்து, 1952இல் ஹெல்சின்கி, 1956இல் மெல்போர்ன், 1960இல் ரோம், 1964இல் டோக்கியோ என்று நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடி, மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். இந்திய ஹாக்கியில் இந்தப் பேறு பெற்ற மற்றொருவர் லெஸ்லி கிளாடியஸ் மட்டுமே. மெல்போர்னில் இந்தியா தன் கோலுக்குள் ஒரு பந்தையும் அனுமதிக்காமல் அடித்த 38 கோல்களில் பதினைந்து ஊதம் சிங்கின் மட்டையிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் மட்டும் ஏழு. ரோமாபுரியில் பாகிஸ்தானிடம் தோற்றுத் தங்கத்தை இழந்த துக்கத்தையும் அவர் அனுபவித்தார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் அதே பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கத்தை மீட்ட அணியில் முப்பத்தாறு வயதிலும் அவர் இருந்தார். 1965இல் அர்ஜுனா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. இத்தகைய ஒருவரின் பெயர் தியான் சந்தின் பெயருக்கு அடுத்தபடி நம் பள்ளிப் பிள்ளைகளின் நாவில் இல்லாமற்போனது மிகுந்த வருத்தத்துக்குரியது என்று நான் கருதுகிறேன்.

மெல்போர்னில் அவரோடு இருந்த குர்தேவ் சிங்கும், டோக்கியோவில் அவரோடு தங்கம் வென்ற தர்ஷன் சிங்கும், ஜக்ஜீத் சிங்கும் அவ்வூர்க்காரர்களே.

ஆயினும் சன்சார்பூரின் சரித்திரத்தில் உச்சம் எனத்தக்கது 1968ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக். அங்கே இந்திய அணியில் ஜக்ஜீத் சிங், தர்சேம் சிங், அஜித்பால் சிங், பல்பீர் சிங், மற்றொரு பல்பீர் சிங் என ஐவரும், எதிர்வரிசை தேசங்களில் ஒன்றாகிய கென்யாவின் அணியில் இருவருமாக, ஒரே கிராமத்து மைந்தர் எழுவர் ஒரே ஒலிம்பிக்கில் மட்டை பிடித்தார்கள். இரு பல்பீர் சிங்குகளில் ஒருவர் காவல் துறையையும் ஒருவர் ராணுவத்தையும் சேர்ந்தவர். அதே அணியில் ரயில்வேயைச் சேர்ந்த மூன்றாவது பல்பீர் சிங் ஒருவரும் இருந்தமையால், உத்தியோகத்தைச் சொல்லியே அவர்களைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டு விக்டர் ஜான் பீட்டரும் கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் அந்த அணியில் அவர்களுக்குத் தோள்கொடுத்து ஆடினார்கள். பயிற்சியளிக்கும் பொறுப்பில் இருந்தவரும் ஊதம் சிங்கே. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தங்கமோ வெள்ளியோ பெற்றுவந்த இந்தியா அம்முறை வெண்கலத்தோடு திரும்ப நேர்ந்தது; தேசம் அதைத் தோல்வியாகவே கருதிற்று.

கென்யாவுக்குச் சன்சார்பூர்க்காரர் எவ்வாறு வந்தனர் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் ரயில் பாதை போடத் தொடங்கிய காலந்தொட்டுப் பஞ்சாபியர் பலர் அங்கே பிழைப்பு நாடிச் சென்றனர். சென்ற இடத்திற்கு மட்டையையும் எடுத்துச் சென்றனர். அந்நாட்டு ஹாக்கி பெரும்பாலும் சீக்கியர்களாலும் கோவாக்காரர்களாலும் வளர்ந்தது. 1971இல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்காக இந்தியாவும் கென்யாவுமே மோதின. 2-1 என்று வென்ற இந்தியாவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் சன்சார்பூரின் அஜித்பால் சிங்.

இந்த அஜித்பால், 1947இல் பிறந்தவர். ஆடிய இடம் சென்டர் ஹாஃப். கோல் அடித்துக் கைதட்டல் பெறும் ஸ்தானம் அன்று அது. முன்வரிசைக்கும் தற்காப்புக்கும் நடுவே நின்று, எதிரியின் தாக்குதலை முறித்து, கைப்பற்றிய பந்தைத் தம்மவருக்குத் தக்க சமயத்தில் வழங்கி, ஆட்டம் முழுவதையும் தம் வசத்தில் வைத்திருக்க வேண்டிய இடம். அதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் உலகில் மிகச் சிலரே. 1968, 1972 ஒலிம்பிக்குகளில் வெண்கலம் பெற்ற அவர், 1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் இந்திய அணியின் தலைவராக நின்று, பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். இந்திய ஆடவர் அணி உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

மறுவருடமே காட்சி மாறியது. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அஜித்பாலின் தலைமையில் சென்ற இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. இயற்கைப் புல்லில் பந்து சற்றே துள்ளும், தயங்கும், திசை மாறும். அதை மட்டையோடு ஒட்டவைத்து, மணிக்கட்டின் அசைவால் எதிரியை ஏமாற்றி நகர்த்துவதே சன்சார்பூரார் சிறுவயது முதல் அப்பியாசம் செய்த வித்தை. செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு விரைகிறது. அங்கே நீண்ட அடியும், ஓயாத ஓட்டமும், உடல் வலிவுமே முந்தி நிற்கின்றன. அத்தரையை இடுவதற்கும், நீர் பாய்ச்சிக் காப்பதற்கும் ஆகும் செலவு ஒரு கிராமத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. பட்டாளத்தாரின் புல்வெளி இலவசமாகக் கொடுத்ததற்குப் புதிய காலம் பெரும் பணம் கேட்டது. அதனோடு, வசதி தேடி வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் பெருகின. அஜித்பாலுக்குப் பிறகு இந்தியாவுக்காக ஒலிம்பிக் ஆடிய சன்சார்பூர்க்காரர் எவரும் இல்லை. திறமை அந்தக் குலத்தில் திடீரென்று வற்றிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பிள்ளைகளின் காலடியில் கிடந்த தரைக்கும் உலகம் ஆடும் தரைக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று, அவ்வளவே.

ஜலந்தரை அடுத்த மற்றொரு கிராமமான மீட்டாபூரை நோக்கினால் இது தெளிவாகும். 1992, 1996 ஒலிம்பிக்குகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பர்கத் சிங் அவ்வூரார். நகரத்தில் செயற்கைத் தரையும் முறையான பயிற்சி நிலையமும் அமைந்த பின்னர், அவரைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறை அங்கே பயின்று தழைத்தது; 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஹாக்கிப் பதக்கம் பெற்றபோது, அணித் தலைவராக நின்ற மன்பிரீத் சிங் மீட்டாபூர்க்காரர்; மன்தீப் சிங்கும் அவ்வூராரே.