ஆப்பிள் ரத்து செய்தது ஒரே ஒரு சான்றிதழ்... திண்டாடியது ஃபேஸ்புக் அலுவலகம்! ஆப்களுக்குப் பின்னால் இருக்கும் ‘கையெழுத்து’ என்ன செய்கிறது?

2019 ஜனவரி 30. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஃபேஸ்புக் தலைமையகம். இன்று கேன்டீனில் என்ன சாப்பாடு, அலுவலக பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஊழியர்கள் வைத்திருந்த ஐபோன் ஆப்கள் திடீரென்று திறக்க மறுத்தன. இன்னும் வெளியாகாத ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மெசஞ்சர் வெர்ஷன்களை அவர்கள் சோதித்துப் பார்க்கும் ஆப்களுக்கும் அதே கதிதான்.

ஹேக்கர் யாரும் உள்ளே புகவில்லை. சர்வரும் படுக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் ஒரே ஒரு டிஜிட்டல் சான்றிதழை ரத்து செய்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அதே நேரத்தில் பொதுமக்களின் ஐபோன்களில் ஃபேஸ்புக் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இந்த வித்தியாசம்? இது புரிந்துவிட்டால், ‘இந்த லிங்க்கை அழுத்தி ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க’ என்று தெரியாத நபரிடமிருந்து வரும் மெசேஜில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆப்புக்கு எதற்குக் கையெழுத்து?

அந்தக் காலத்தில் முக்கியமான கடிதங்களை அரக்கு வைத்து முத்திரை குத்தி அனுப்புவார்கள். முத்திரை உடையாமல் வந்தால் இரண்டு விஷயம் உறுதி. அனுப்பியவர் இன்னார்தான், வழியில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ‘கோட் சைனிங்’ என்று டெவலப்பர்கள் சொல்வதும் இதே வேலைதான்.

ஒரு ஆப் தயாரானதும், டெவலப்பர் தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார். இந்தச் சாவி இவருடையதுதான் என்பதற்கு ஆப்பிள் கொடுத்த சான்றிதழும் கூடவே போகும். ஆப்புக்குள் ஒரே ஒரு எழுத்தை யாராவது மாற்றினாலும் கையெழுத்துப் பொருந்தாது, ஐபோன் அதைத் திறக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கையெழுத்து என்பது ‘இது யாருடையது’ என்பதற்கான சாட்சி மட்டுமே. ‘இது நல்ல ஆப்’ என்பதற்கு அது சாட்சி இல்லை. மோசடிக்காரரும் முறையாகக் கையெழுத்துப் போடலாம். போட்டும் இருக்கிறார்கள், அதைப் பின்னால் பார்ப்போம்.

பஸ் பாஸ் மாதிரி ஒரு ஃபைல்

ஆப் ஸ்டோரில் வெளியாகும் முன்பு ஒரு ஆப்பை நிஜ போன்களில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். வெறும் கையெழுத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய ஆப்பிள் விடாது. ‘புரொவிஷனிங் புரொஃபைல்’ என்ற இன்னொரு ஃபைலும் வேண்டும்.

இதை பஸ் பாஸோடு ஒப்பிடலாம். யாருடைய பாஸ், எந்த ரூட், எந்தத் தேதி வரை என்று பாஸில் இருக்கும். இந்தப் புரொஃபைலிலும் அதேதான்: எந்த ஆப், யாருடைய சான்றிதழ், எந்தெந்த போன்களில் ஓடலாம், நோட்டிஃபிகேஷன் அனுப்புவது போன்ற என்னென்ன வசதிகளைப் பயன்படுத்தலாம், எந்தத் தேதி வரை. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஐபோன் அந்த ஆப்பை இறக்கிவிட்டுவிடும். நம்ம ஊர் கண்டக்டரிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

இதில் டெவலப்பர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு ஐபோனுக்கும் தனி அடையாள எண் உண்டு. சோதித்துப் பார்க்கும் ஒவ்வொருவரும் தன் போனின் எண்ணைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டும். டெவலப்பர் அதை ஆப்பிள் கணக்கில் சேர்த்து, புரொஃபைலை மறுபடி உருவாக்கி, ஆப்பை மறுபடி தயாரித்து, மறுபடி அனுப்ப வேண்டும். டெஸ்டர் புது போன் வாங்கிவிட்டால்? முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதிலும் ஒரு கணக்குக்கு ஆண்டுக்கு 100 ஐபோன்கள்தான். நடுவில் ஒரு போனை நீக்கினாலும் அந்த இடம் காலியானதாகக் கணக்கில் வராது, ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வழி இன்றும் இருக்கிறது.

டெஸ்ட்ஃபிளைட் வந்த கதை

இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் டெஸ்ட்ஃபிளைட். முதலில் இது ஆப்பிளுடையது இல்லை. பர்ஸ்ட்லி என்ற நிறுவனத்திடம் இருந்தது, ஆண்ட்ராய்டுக்கும் வேலை செய்தது. 2014 பிப்ரவரியில் பர்ஸ்ட்லியை ஆப்பிள் வாங்கியது. ஆண்ட்ராய்டு ஆதரவு அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது.

இப்போது டெவலப்பர் ஆப்பை ஆப்பிளிடம் கொடுத்துவிட்டால் போதும். டெஸ்டர்கள் ஆப் ஸ்டோரிலிருந்து டெஸ்ட்ஃபிளைட்டைப் போட்டுக்கொண்டு அதன் வழியாக ஆப்பைப் பெறுவார்கள். போன் எண்ணெல்லாம் தேவையில்லை. நிறுவனத்துக்குள் 100 பேர், வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு சோதனை வெர்ஷனுக்கும் 90 நாள் ஆயுள். வெளியாட்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் முதல் வெர்ஷனை ஆப்பிள் ஒருமுறை பார்க்கும். ஆனால் ஆப் ஸ்டோரில் வெளியிடுவதற்கு முன் நடக்கும் முழுப் பரிசோதனை இது இல்லை.

சோதனை எல்லாம் முடிந்து ஆப் ஸ்டோருக்குப் போகும்போது ஆப்பிளே தன் கையெழுத்தைப் போட்டு வெளியிடும். டெவலப்பரின் சான்றிதழ் பின்னர் காலாவதியானாலும், நீங்கள் ஸ்டோரிலிருந்து போட்ட ஆப் நின்றுபோகாது. ஃபேஸ்புக் விவகாரத்தில் பொதுமக்களின் ஆப் தப்பித்தது இதனால்தான். ஊழியர்களின் ஆப்கள் வந்தது வேறொரு வாசல் வழியாக.

கொல்லைப்புற வாசல்

பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கென்று ஆப் தயாரிக்கும். கேன்டீன் மெனுவை ஊருக்கே ஆப் ஸ்டோரில் வெளியிட முடியாதல்லவா? அதற்காக ஆப்பிள் ‘என்டர்பிரைஸ்’ திட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 299 டாலர். சாதாரண டெவலப்பர் கணக்குக்கு 99 டாலர். இந்தத் திட்டத்தில் போன்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ஆப்பிளின் பரிசோதனையும் இல்லை. முக்கியமான நிபந்தனை ஒன்றுதான்: சொந்த ஊழியர்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஃபேஸ்புக் இந்த வாசல் வழியாக வெளியாட்களுக்கும் ஒரு ஆப் கொடுத்தது. பெயர் ‘ஃபேஸ்புக் ரிசர்ச்’. 13 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் அதைத் தங்கள் போனில் வைத்துக்கொண்டால் மாதம் 20 டாலர் வரை தரப்பட்டது. பதிலுக்கு அவர்கள் ஒரு ‘ரூட்’ சான்றிதழை போனில் நிறுவ அனுமதிக்க வேண்டும். போனிலிருந்து இணையத்துக்குப் போகும் தகவல்களை, பூட்டிப் போகும் தகவல்கள் உட்பட, பார்க்க வழிவிடும் சான்றிதழ் அது. இதே மாதிரி தகவல் திரட்டிய ஃபேஸ்புக்கின் ‘ஒனாவோ’ ஆப் 2018 ஆகஸ்டிலேயே ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. முன்வாசலில் நிறுத்தப்பட்டது, பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

2019 ஜனவரி 29 அன்று டெக்க்ரஞ்ச் இதை அம்பலப்படுத்தியது. பங்கேற்றவர்கள் சம்மதத்தோடுதான் சேர்ந்தார்கள் என்றது ஃபேஸ்புக். ஆப்பிள் அதை ஏற்கவில்லை. என்டர்பிரைஸ் திட்டத்தை நுகர்வோரிடம் தகவல் திரட்டப் பயன்படுத்தியது ஒப்பந்த மீறல் என்று சொல்லி சான்றிதழை ரத்து செய்தது. அந்த ஒரே சான்றிதழில்தான் கேன்டீன் மெனுவும் இருந்தது, பஸ் நேரமும் இருந்தது. எல்லாம் சேர்ந்து விழுந்தன.

‘ஸ்கிரீன்வைஸ் மீட்டர்’ என்ற ஆப்பை இதே பாணியில் கொடுத்துவந்த கூகுள், மன்னிப்புக் கேட்டு அதை நிறுத்தியது. அப்படியும் ஜனவரி 31 அன்று கூகுளின் சான்றிதழும் பறிபோனது. இரண்டு நிறுவனங்களுக்கும் அன்றே அனுமதி திரும்பக் கிடைத்தது.

ஆப்பிள் செய்தது சரி என்றே பலர் சொன்னார்கள். ஆனால் ஒரு நிறுவனம் நினைத்தால் இன்னொரு நிறுவனத்தின் அலுவலக வேலையையே நிறுத்திவிட முடியும் என்பதும் அன்றுதான் பலருக்கு உறைத்தது. இன்னொன்று, ஃபேஸ்புக் இந்த ஆப்பை 2016 முதல் கொடுத்துவந்தது. ஆப்பிள் சான்றிதழை ரத்து செய்தது செய்தி வெளியான பிறகுதான்.

மோசடிக்காரர்கள் நுழைந்தது எப்படி?

ஆப்பிளின் முழுப் பரிசோதனை இல்லாத வாசல் இருக்கிறது என்று தெரிந்தால் திருடர்கள் சும்மா இருப்பார்களா? ‘கிரிப்டோராம்’ என்ற மோசடி பற்றி சோஃபோஸ் பாதுகாப்பு நிறுவனம் 2021, 2022 ஆண்டுகளில் விரிவாக எழுதியது. டேட்டிங் ஆப்பில் அறிமுகமாவார்கள். பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறும். சில நாள் கழித்து, ‘நான் இந்த ஆப்பில்தான் முதலீடு பண்றேன், நீயும் போடு’ என்று லிங்க் வரும். முதலில் என்டர்பிரைஸ் வழியாகவும், பிறகு டெஸ்ட்ஃபிளைட் வழியாகவும் போலி கிரிப்டோ முதலீட்டு ஆப்கள் இப்படி ஐபோன்களுக்குள் வந்தன. திரையில் லாபம் ஏறுவது தெரியும். பணத்தை எடுக்கப் போனால் கிடைக்காது.

டெஸ்ட்ஃபிளைட் ஆப்பிளின் உண்மையான ஆப், ஆப் ஸ்டோரிலேயே இருக்கிறது. ஏமாந்தவர்களை நம்ப வைத்ததும் அதுதான். ‘ஆப்பிள் ஆப்பில்தானே வருது, தப்பா இருக்காது’ என்று நினைப்பது இயல்பு.

2024 பிப்ரவரியில் குரூப் ஐபி நிறுவனம் வெளிப்படுத்திய ‘கோல்டுபிக்ஆக்ஸ்’ இன்னும் மோசம். தாய்லாந்தில் ஐபோன் வைத்திருப்பவர்களைக் குறிவைத்த இந்த ஆப், முகத்தை வீடியோ எடுக்கச் சொல்லியும் அடையாள ஆவணங்களைக் கேட்டும் வாங்கிக்கொண்டது. முதலில் டெஸ்ட்ஃபிளைட் வழியாக வந்தது. ஆப்பிள் அதை நீக்கியதும் வழியை மாற்றினார்கள். போனையே தொலைவிலிருந்து நிர்வகிக்க அனுமதிக்கும் ஒரு புரொஃபைலை நிறுவச் சொன்னார்கள்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு

ஆண்ட்ராய்டிலும் கையெழுத்து இல்லாத ஆப் போனில் ஏறாது. ஆனால் சான்றிதழை டெவலப்பர் தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளலாம். அதனால் அங்கே கையெழுத்தின் முக்கிய வேலை, அப்டேட் அனுப்புபவரும் முதலில் ஆப்பைக் கொடுத்தவரும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பது. சாவி தொலைந்தால் அப்டேட் அனுப்ப வழியில்லாமல், புது ஆப்பாகவே வெளியிட வேண்டிய நிலைக்குப் பல டெவலப்பர்கள் ஆளானார்கள். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் வரும் புது ஆப்களின் கையெழுத்துச் சாவி கூகுளிடமே இருக்கிறது.

பிளே ஸ்டோரிலும் சோதனைக்கென்று தனி வழிகள் உண்டு. புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபர் டெவலப்பர் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே ஆப்பை வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஆகவே ஆப் தயாரிக்கும் தெரிந்த பையன் ‘டெஸ்டரா சேருங்க அண்ணா’ என்று பிளே ஸ்டோர் லிங்க் அனுப்பினால் பதற வேண்டியதில்லை.

கவலை ஏபிகே ஃபைல்களில்தான். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத ரசீது என்ற பெயர்களில் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே ஃபைல்களிலும் கையெழுத்து இருக்கும். யாருடையது என்றுதான் தெரியாது. சரிபார்க்கப்பட்ட டெவலப்பர்களின் ஆப்கள் மட்டுமே போனில் ஏறும் என்ற திட்டத்தை கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில்தான் அது முதலில் வரும் என்றும் சொன்னது.

உங்கள் போனில் என்ன பார்க்கலாம்?

ஐபோனில் டெஸ்ட்ஃபிளைட் வழியாக வந்த ஆப் என்றால், ஹோம் ஸ்கிரீனில் அதன் பெயருக்கு முன்னால் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று இருக்கும். முதலீட்டு ஆப்பிலோ வங்கி ஆப்பிலோ அந்தப் புள்ளி இருந்தால் அதில் பணம் போடாதீர்கள். டெஸ்ட்ஃபிளைட் ஆப்பில் ஆப்பிள் வழியாக எதை வாங்கினாலும் காசு பிடிக்காது, சோதனை என்பதால் இலவசம். நிஜப் பணத்தை வேறு வழியில் அனுப்பச் சொல்லும் ‘சோதனை’ ஆப் எதைச் சோதிக்கிறது என்று யோசியுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், ஜெனரல், ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போங்கள். அலுவலக போனாக இருந்தால் அங்கே நிறுவனத்தின் பெயர் இருப்பது சாதாரணம், அதைத் தொட வேண்டாம். சொந்த போனில் நீங்கள் அறியாத பெயரில் புரொஃபைல் இருந்தால் நீக்கிவிடலாம். நிர்வாகப் புரொஃபைலை நீக்கினால் அது போனில் ஏற்றிய ஆப்களும் வழக்கமாக நீங்கிவிடும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.