சிவப்புக் கோவிலின் பின்கட்டில்...

மலாக்கா சிவப்புச் சதுக்கம் எல்லாருக்கும் தெரியும். மணிக்கூண்டு, பாட்டை அலறவிட்டபடி ஜோடித்து வரும் திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷா, நின்று நின்று படம் எடுக்கும் கூட்டம். அந்தப் படங்களில் எல்லாம் பின்னால் சும்மா நிற்கிறதே கிறைஸ்ட் சர்ச், அதற்குள் தமிழ் ஆராதனை நடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்! ஆங்கிலம், சீனம், தமிழ் என்று மூன்று சபைகள் ஒரே கூரையின் கீழ். அது என்ன சாதாரணக் கூரையா? 48 அடி நீள உத்தரங்கள், ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒற்றை மரம். அண்ணாந்து பார்த்தது போதும், வாருங்கள், பின்கட்டுக்குப் போவோம். இந்தக் கோவில் யார் சொத்து? ஐயருக்கு, அதாவது குருவானவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? எனக்கு இதுதான் உத்தரத்தைவிட சுவாரசியம்.

முதலில் ஒரு வேடிக்கை. இந்தக் கட்டடம் ஓர் அங்குலம்கூட நகராமல் ஊர் ஊராக மேலதிகாரியை மாற்றியிருக்கிறது. டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்த நூறாம் ஆண்டு நினைவாக 1741இல் அடிக்கல் போட்டார்கள். 1753இல் கட்டி முடித்தார்கள். 1824 உடன்படிக்கையில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1838இல் பிஷப் டேனியல் வில்சன் பிரதிஷ்டை செய்து ஆங்கிலிக்கன் கோவிலாக்கினார். எந்த ஊர் பிஷப்? கல்கத்தா! அந்தக் கல்கத்தா நாற்காலியின் எல்லைக்குள் ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவே இருந்தது. அதே நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்த ரெஜினால்ட் ஹீபர், 1826இல் சுற்றுப்பயணம் வந்த இடத்தில், நம்ம திருச்சியில் இறந்துபோனார். பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரில்தான். கல்கத்தாவுக்குப் பிறகு 1869இல் மலாக்கா லாபுவான்-சரவாக் பிஷப்பிடம் போனது, 1909இல் சிங்கப்பூர், 1970இல் கோலாலம்பூர். அந்த ஆண்டில் பிறந்ததுதான் மேற்கு மலேசியத் திருமண்டலம். நடுவில் 1911இல் சிவப்புச் சாயம் பூசினார்கள். அதற்கு முன் கோவில் வெள்ளை.

இனி காசுக் கதை. ஆங்கிலேயர் காலத்தில் சாப்ளின் என்றால் அரசாங்கச் சம்பளக்காரர். வெள்ளைக்கார அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் பூசை வைப்பதுதான் அவர் வேலை. தமிழருக்கு யார்? முதலில் அவர்கள் வந்த கதை. 1896இல் தோட்ட முதலாளி டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் பால்மரம், அதாவது ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹான். மரம் சீவ ஆள் வேண்டும் என்று மலாயா முழுக்கக் கப்பலில் வந்து இறங்கினார்கள் நம் ஆட்கள். அதில் நாசரேத்து, சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் உண்டு, பைபிளையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு. ஐயர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். தோட்டம் தோட்டமாக நடந்தும் சைக்கிளிலும் போய், பால் நிறுத்துக் குளித்து வந்தவர்களை லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலிலோ பள்ளிக்கூடத்திலோ கூட்டி ஜெபம் நடத்தியவர். என்னைக் கேட்டால், சிதறிக் கிடந்த சபைகளைச் சேர்த்துப் பிடித்தது பிஷப்பின் கோல் இல்லை, உபதேசியாரின் செருப்பு.

இன்றைய ஏணி இப்படி: அடியில் சேகரம் என்ற உள்ளூர்ச் சபை, அதற்கு விகார் என்று ஒரு குரு. சில சேகரங்களைச் சேர்த்துப் பார்க்க ஆர்ச்டீக்கன். உச்சியில் பிஷப். பிஷப் நினைத்ததெல்லாம் நடந்துவிடாது, சினட் இருக்கிறது. பிஷப், குருமார், சபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பும் சாதாரண ஆட்கள், இந்த மூவரும் கூடும் இடம் அது. 1971இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அதைச் சட்டப்படியான அமைப்பாக்கியது. அதனால்தான் நிலமும் கோவிலும் ஊர்ப் பெரியவர் ஒருவர் பெயரில் இருந்து பேரன் காலத்தில் கோர்ட்டுக்குப் போகும் வம்பு குறைவு. அதற்கும் மேலே? 1996 வரை இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு மேற்கு மலேசியா, சிங்கப்பூர், கூச்சிங், சபா நான்கும் சேர்ந்து தென்கிழக்காசிய மாகாணமாகி, தமக்கென்று ஒரு பேராயரை வைத்துக்கொண்டன.

இப்போது எனக்குப் பிடித்த இடம், கோவிலின் பின்னறையான வெஸ்ட்ரி! ஆராதனை முடிந்து வெளியே தேத்தண்ணியும் மீகூனும் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே மேசை மேல் காணிக்கைப் பை கவிழும். இரண்டு பேராவது சேர்ந்துதான் எண்ண வேண்டும், ஒற்றை ஆள் கை வைக்கக் கூடாது. உறைகள் ஒரு பக்கம், வெள்ளித் தாள்கள் ஒரு பக்கம், சென் காசு குட்டிக் குவியலாக. ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளை போட்ட இருபது சென்னும் பதிவேட்டில் ஏறும். கையெழுத்து, வங்கி, அப்புறம் பி.சி.சி. என்ற சேகர மன்றக் கூட்டத்தில் கேள்வி: "மின்சாரம் ஏன் இவ்வளவு?" லண்டனிலிருந்து செக் வரும் காலம் மலையேறிவிட்டது. ஒவ்வொரு சேகரமும் வருமானத்தில் ஒரு பங்கைத் திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டும். நகரத்துப் பெரிய சபை அதிகம் கட்டும், சின்னச் சபை குறைவாக. மனசு பிடித்ததோ பிடிக்கவில்லையோ, இந்தப் பங்குதான் மொத்த அமைப்பையும் தாங்குகிறது. பங்கை முணுமுணுக்காமல் கட்டிய சபையை நான் இன்னும் பார்க்கவில்லை!

ஐயர் வேலைக்கு ஆள் எங்கிருந்து? 1979இல் தொடங்கி, இப்போது சிரம்பானில் இருக்கும் இறையியல் கல்லூரியான செமினாரி தியோலோஜி மலேசியாவை ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. தமிழிலும் படிக்கலாம். தமிழர் உச்சிக்கு வந்ததும் உண்டு: ஜான் சவரிமுத்து 1973 முதல் 1994 வரை பிஷப். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாகிவிட, இங்கே வந்தவர்கள் ஆங்கிலிக்கனாகவே நின்றுவிட்டது இன்னொரு வேடிக்கை.

தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் காலியாகி, பிள்ளைகள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் போய்விட்டார்கள். தோட்டத்துச் சபை சுருங்க, பட்டணத்துச் சபைதான் இப்போது தாய்வீடு. ஆகவே மலாக்கா போனால் திரிஷாக்காரரிடம் பேரம் பேசிவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று வாசலில் கேட்டு, உள்ளே போய் உட்காருங்கள். படம் எடுக்கத் தடை, போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். காணிக்கைப் பை உங்கள் பக்கம் வந்தால் ஏதாவது போடுங்கள். கட்டாயம் எண்ணிக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.