மண் கேட்ட குடும்பங்கள்

லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவுக்கு வெளியே, பாய்ஸ் டவுன் என்ற இடத்தில் ஒரு தகன மேடை இருந்தது. அங்கே குடியேறிய இந்தியர்கள் தங்கள் ஆட்களுக்காகக் கட்டிக்கொண்டது. லைபீரியர்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிணத்தை எரிப்பது அவர்கள் வழக்கத்திலேயே கிடையாது. 2014 ஆகஸ்டில் அந்த மேடை திடீரென்று ஊருக்கே பொதுவானது. எபோலாவில் இறந்தவர்களைப் புதைக்க அக்கம்பக்கத்தார் இடம் தர மறுத்ததால், தலைநகர் வட்டாரத்தில் உடல்களை எரிக்கும்படி அரசு உத்தரவு போட்டது.

மருத்துவக் கணக்கில் அந்த உத்தரவைக் குறை சொல்ல முடியாது. எபோலா நோயாளியின் உடலில் கிருமி உச்சத்தில் இருப்பது சாகும் நேரத்தில்தான். உயிர் போன பிறகும் அந்த உடல் தொற்றைப் பரப்பும். மேற்கு ஆப்பிரிக்காவிலோ இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, தொட்டு அழுதுதான் அனுப்புவார்கள். கினி நாட்டில் அந்த ஆகஸ்ட் வரை கண்டறியப்பட்ட நோயாளிகளில் 60 சதவீதம் பேருக்கு இறுதிச் சடங்குகளோடு தொடர்பு இருந்ததாக உலக சுகாதார அமைப்பு சொன்னது. பக்கத்து நாடான சியரா லியோனில், சொக்கோமா கிராமத்து நாட்டு வைத்தியர் ஒருவரின் சாவு வீட்டுக்கு வந்துபோனவர்கள் வழியாக மட்டுமே 365 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது அங்குள்ள அதிகாரிகளின் கணிப்பு.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று அரசுகள் நம்பின. ‘எபோலா உண்மை’ என்று சுவர்களிலும் பதாகைகளிலும் எழுதி வைத்தார்கள். மக்கள் நோயை நம்பவில்லை, அதனால்தான் அடங்கவில்லை என்ற எண்ணம் அந்த வாசகத்திலேயே தெரிகிறது. நம்பாதவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் நோய் உண்மை என்று தெரிந்தே பெற்ற தாயைக் குளிப்பாட்டிய பிள்ளைகளுக்கு அந்தச் சுவரெழுத்தில் பதில் எதுவும் இல்லை.

லைபீரியாவில் மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை ‘டெகரேஷன் டே’, தேசிய விடுமுறை. நம் ஊர்க் கல்லறைத் திருநாள் போலத்தான்: குடும்பத்தோடு போய்ப் புல் வெட்டி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்துவிட்டு வருவார்கள். எரித்துவிட்டால் அன்றைக்கு எங்கே போய் நிற்பது? அதனால் நோயாளிகளை வீட்டிலேயே மறைத்தார்கள், இறந்தவர்களை இரவோடு இரவாகப் புதைத்தார்கள். ‘எபோலாவில் சாகவில்லை’ என்று சான்றிதழ் எழுதித் தர உடல் எடுக்க வந்தவர்களே காசு வாங்கியதாகவும் செய்திகள் வந்தன. அக்டோபரில் மன்ரோவியாவின் சிகிச்சை மையங்களில் படுக்கைகள் காலியாகக் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் சாம்பல்தான் மிஞ்சும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம் என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவு, நோயாளியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கச் செய்துவிட்டது.

கினியின் காட்டுப் பகுதியில் நடந்த ஒன்று இதற்கு நேர்மாறானது. ஒரு கர்ப்பிணி எபோலாவில் இறந்துபோனார். வயிற்றுப் பிள்ளையோடு புதைத்தால் ஊருக்கே சாபம் என்பது அங்குள்ள கிஸ்ஸி மக்களின் நம்பிக்கை. சிசுவைத் தனியே எடுத்த பிறகுதான் அடக்கம் என்று குடும்பம் பிடிவாதமாக நின்றது. அந்த உடலைக் கீறுவது மருத்துவர்களுக்கு உயிரைப் பணயம் வைக்கிற வேலை. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காத நேரத்தில் ஜூலியன் அனோக்கோ என்ற மானுடவியலாளர் உள்ளே வந்தார். சிசுவை எடுக்காமலே சாபத்தைக் கழிக்க வழி உண்டா என்று விசாரித்தார். அப்படி ஒரு பரிகாரம் இருந்தது. அதைச் செய்யத் தெரிந்த பெரியவரும் கிடைத்தார். செலவை உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது. பரிகாரம் முடிந்தது, உடல் பாதுகாப்பாக அடக்கமானது. அதிகாரியும் நர்ஸும் விளக்கிச் சொல்லி முடியாத காரியம், என்ன வேண்டும் என்று கேட்டதில் முடிந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார அமைப்பு அடக்கத்துக்கான புதிய வழிமுறையை வெளியிட்டது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களோடு கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளையும் கலந்து எழுதியது. உடலைத் தொடக் கூடாது என்பதில் ஓர் எள்ளளவும் தளர்வில்லை. ஆனால் பாதுகாப்பு உடை அணிந்த குழுவினர், இஸ்லாமியர் உடலுக்குத் தண்ணீருக்குப் பதிலாகத் தயம்மும் என்ற உலர் சுத்தம் செய்து வெள்ளைத் துணி போர்த்தலாம். குழி வெட்டக் குடும்பத்தைக் கூப்பிடலாம். பாதிரியாரோ இமாமோ எட்ட நின்று ஜெபிக்கலாம். லைபீரிய அரசும் டிசம்பரில் எரிப்பதைக் கைவிட்டு, டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய இடுகாட்டைத் திறந்தது. 2015 மார்ச்சில், டெகரேஷன் டேக்குச் சில நாட்கள் முன்பு, பாய்ஸ் டவுனில் சேர்ந்திருந்த சாம்பலும் அங்கே கொண்டுபோகப்பட்டது. 11,300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அந்த நோய் அடங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த மாற்றத்தை அவற்றில் கடைசியாக வைக்க முடியாது.

ஆறே ஆண்டுகளில் இலங்கை அதே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தது, அதுவும் பலவீனமான காரணத்தோடு. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் காட்டி, ஏப்ரல் 11-இல் வந்த இலங்கை அரசின் வர்த்தமானி (அரசிதழ்) எரிப்பைக் கட்டாயமாக்கியது. ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, எரிப்பது முஸ்லிம்களுக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத ஒன்று. டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு பச்சைக் குழந்தை பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது. அதன் பிறகு கொழும்பு பொரளை மயான வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள், இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் அடையாளமாக.

2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. அடுத்த உத்தரவும் யாரையும் கேட்காமல்தான் வந்தது. அடக்கத்துக்குக் குறிக்கப்பட்ட இடம் வடக்கே இரணைதீவு. கடற்படை பிடித்து வைத்திருந்த தங்கள் மண்ணுக்கு 2018-இல்தான் திரும்பியிருந்த தமிழ் மீனவர்களின் ஊர் அது. அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கடைசியில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் இடம் அமைந்தது. அங்கே 3,600-க்கும் மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் அதில் உண்டு. கட்டாய எரிப்புக்காக இலங்கை அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது. புதைப்பதா எரிப்பதா என்பதைக் குடும்பமே முடிவு செய்யும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவருவதாகவும் அப்போது சொன்னது.