கடல் கடக்காத தவளை

பசிபிக் பெருங்கடலில், ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் காலபாகோஸ் தீவுகள் இருக்கின்றன. 1835-ல் சார்லஸ் டார்வின் போய் இறங்கிய தீவுகள்தாம். அங்கே 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆமைகள் உண்டு. பாம்பும் பல்லியும் உண்டு. கடலில் மூழ்கிப் பாசி தின்னும் ஓணான் வகைகூட உண்டு. ஆனால் அத்தீவுகளுக்கே உரிய தவளை ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை ஊர்வன வந்து சேர்ந்த இடத்துக்குத் தவளை மட்டும் ஏன் வரவில்லை?

காரணம் தோலில் இருக்கிறது. தவளையின் தோல் மெல்லியது. அதன் வழியாகவே நீரையும் காற்றையும் உள்ளே வாங்குகிறது. உப்பு நீர் பட்டால் உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டுவிடும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். தவளை முட்டைக்கோ ஓடும் இல்லை. பல்லிக்கும் ஆமைக்கும் உடம்பைச் சுற்றிச் செதில் கவசம் இருக்கிறது. ஆமை நீரில் மிதக்கும். மாதக்கணக்கில் உணவின்றித் தாங்கும்.

எரிமலையால் உண்டான தீவுகளுக்கு இவை மிதந்தே வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. இதற்குக் கண்கூடான சான்றும் உண்டு. 1995-ல் கரீபியன் கடலில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வீசின. அதன்பின், வேரோடு சாய்ந்த மரங்களின் மேல் அமர்ந்தபடி குறைந்தது 15 இகுவானாக்கள் அங்குவிலா தீவில் வந்து கரையேறின. அதற்கு முன் அந்த இனம் அத்தீவில் இருந்ததில்லை.

அப்படியானால் இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் மட்டும் சொந்தத் தவளைகள் எப்படி வந்தன? அவற்றில் பெரும்பாலானவை கடலைக் கடக்கவே இல்லை. செஷல்ஸின் கருங்கல் தீவுகள் எரிமலையில் பிறந்தவை அல்ல, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதியிலிருந்து பிரிந்த துண்டு. வண்டியின் கடைசிப் பெட்டியைக் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் பயணிகளும் அங்கேயே நின்றுவிடுவார்கள் அல்லவா? தவளைகளும் அப்படித்தான் தங்கிவிட்டன. அவற்றின் நெருங்கிய உறவு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. 2003-ல் கேரளத்திலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளைதான் அது. ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிப்பது. அதே வகையில் இன்னோர் இனம் 2017-ல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்டது. விதிவிலக்காக மயோட் போன்ற சில எரிமலைத் தீவுகளுக்கும் தவளை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது மிக அரிது.

வந்து சேர்ந்தவற்றைத் தீவு தன் போக்குக்கு மாற்றுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் எஞ்சினைப் பாருங்கள். பல் தண்டவாளத்துக்கென்றே பல் சக்கரம் பொருத்தியது. அந்தப் பாதையில் அது ராஜா, வேறு பாதையில் அதனால் பயனில்லை. வறண்ட காலபாகோஸ் தீவுகளில் உயரமான கள்ளியைத்தான் எட்டித் தின்ன வேண்டும். அங்குள்ள ஆமைகளுக்கு ஓட்டின் முன்பக்கம் தூக்கி, கழுத்தும் காலும் நீண்டிருக்கும். பசுமையான தீவுகளில் ஓடு கவிழ்த்த கிண்ணம் போல் இருக்கும்.

இதற்கெல்லாம் யுகக்கணக்கில் காலம் தேவை என்றும் எண்ண வேண்டாம். 1971-ல் அட்ரியாட்டிக் கடலில் ஒரு குட்டித் தீவிலிருந்து ஐந்து ஜோடிப் பல்லிகளை ஆய்வாளர்கள் பக்கத்துத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 36 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவற்றின் சந்ததிக்குத் தலை பெருத்து, கடிக்கும் வலு கூடியிருந்தது. பூச்சியோடு இலைதழையையும் மிகுதியாகத் தின்றன. அதைச் செரிக்க உதவும் தடுப்புகள்கூடக் குடலில் காணப்பட்டன.

ஆனால் தனிமை தந்த வரமே சாபமாகவும் ஆகிறது. பட்டினி தாங்கும் குணம் ஆமையைக் கடல் கடத்தியது. அதே குணத்துக்காகத்தான் பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் அவற்றை உயிரோடு அடுக்கி, கெடாத இறைச்சியாகக் கொண்டுபோனார்கள். பின்னர் பின்டா தீவில் மனிதர்கள் விட்ட ஆடுகள் பெருகி, செடிகொடிகளை மொட்டையடித்தன. அத்தீவின் ஆமை இனத்தில் எஞ்சிய கடைசி ஆண், 'தனிமை ஜார்ஜ்', 2012-ல் இறந்தது. அத்தோடு அந்த இனமே முடிந்தது.

தவளையோ கடைசியில் காலபாகோஸுக்கும் வந்துவிட்டது. 1998-ல் அங்கே ஒரு மரத்தவளை கண்டுபிடிக்கப்பட்டு, இன்று நிலைத்துவிட்டது. சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். கடல் காலங்காலமாக அடைத்து வைத்திருந்த கேட்டை நாம் திறந்துவிட்டோம்.

இது எங்கோ தூர தேசத்துச் சமாசாரம் அல்ல. நம்மவர் பலர் வாழும் அந்தமானிலும் இதுவே நடக்கிறது. நம் ஊர் வயல்களில் கத்தும் பெரிய தவளை அங்கே அந்நியம். இந்த நூற்றாண்டில் அது அந்தமானில் பரவிவிட்டது. பெருநிலத்திலிருந்து கொண்டுபோன வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு அதன் தலைப்பிரட்டைகளும் கலந்து போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தத் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

ஆகவே தீவுக்குப் போகிற அன்பர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். செடித் தொட்டி, மீன் தொட்டி, செல்லப் பிராணி எதுவானாலும், அதில் நமக்குத் தெரியாத பயணி ஒன்று இருக்கலாம். கப்பல் ஏறுவதற்கு முன்பே பார்த்து இறக்கிவிடுவது சுலபம். அங்கே இறங்கிப் பெருகிவிட்டால், திருப்பி அனுப்ப எந்த வண்டியும் கிடையாது.