குரோமியத்தை முதுகில் தேடும் மருத்துவம்

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு முடிந்து, புளி உலுக்கும் வேலையும் ஓய்ந்துவிட்டால், கூலிக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும். ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி, அப்பால் ஆம்பூர். டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த பாலாற்றுப் பக்கம். இன்னும் தூரம் போகிறவர்களுக்குக் கட்டட வேலை.

டேனரிகளில் தோலைப் பதப்படுத்தப் பெரும்பாலும் குரோமியம் சல்பேட்தான். டிரம்மிலிருந்து நீலம் பாரித்து வெளிவரும் ஈரத்தோலை நாள் முழுக்கப் புரட்டுகிறவருக்கு விரலிடுக்கில் அரிப்பு தொடங்கலாம். பிறகு கை தடித்து வெடிக்கும். வேலை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் கலவை போடப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் கை வெடிக்கிறது. சிமென்ட்டிலும் குரோமியம் உண்டு. அதுவும் சருமத்துக்குள் எளிதாக இறங்கும் ஆறு இணைதிறன் குரோமியம். காலில் கிடக்கும் தோல் செருப்பும், பாதுகாப்புக்கென்று தரும் தோல் கையுறையும்கூட அதைக் கசியவிடலாம்.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடிப்பதுதான் தோல் மருத்துவரின் தலையாய வேலை என்பேன். மெடிக்கலில் தானாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும். காரணம் அப்படியே இருக்கும். படர்தாமரை என்றால் இன்னும் பரவவிடும்.

ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் யாடாசோன் 1895-இல் முன்வைத்த பேட்ச் டெஸ்ட்தான் இன்றும் கைகொடுக்கிறது. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது. பிரித்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். குரோமியம் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தால் விடை கிட்டத்தட்ட கிடைத்த மாதிரி.

ஆனால் மலையிலிருந்து வருகிறவருக்கு இது ஒரே வாரத்தில் மூன்று பயணம், மூன்று நாள் கூலி. முதுகைப் பார்க்கும் வேலையையாவது மலையிலுள்ள சுகாதார நிலையத்திலேயே, படமெடுத்து நிபுணருக்கு அனுப்பிச் செய்ய வழி வேண்டும்.

காரணம் தெரிந்தபின் மருத்துவர் எழுதித்தரும் சீட்டுக்கு மருந்துச்சீட்டைவிட மதிப்பு அதிகம்: எந்தப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், எந்தக் கையுறை ஆகாது என்று அதில் இருக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அறிவிக்க வேண்டிய நோயாகவே பட்டியலிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்ட்டில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குப் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு கட்டியது. பெர்ரஸ் சல்பேட் கலந்தே அதை எட்டுகிறார்கள். அங்கே அந்த விதிக்கு வழிவகுத்தது, கொத்தனார்களின் கைகளைப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகள்.